தங்கச் சங்கிலியும் பழைய வண்டியும்

"அக்கா, சங்கிலியை அடகு வைத்து வண்டி வாங்கலாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?"

2024-ம் வருஷம் ஆனி மாதம். திருவொற்றியூரில் என் வீட்டுச் சமையலறையில் நான் புளி கரைத்துக் கொண்டிருந்தபோது, அத்திப்பட்டுப் புதுநகரிலிருந்து என் தங்கை தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். என்ன சொல்வது? சங்கிலி என்றால் ஏதோ பவுன் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றித் தங்கையின் கழுத்தில் போட்ட சங்கிலி அது. அதை ஒன்பது வருஷம் ஓடிய ஒரு டீசல் வண்டியாக மாற்றுவது என்றால் வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

தங்கை வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. பத்து வருஷமாக வேறொருவருடைய வண்டியை ஓட்டிக் கொண்டிருந்தவர். அத்திப்பட்டில் சரக்கு வண்டிக்கு வேலை இல்லாமல் போகாது. 1994-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய வட சென்னை அனல் மின் நிலையம் ஒரு பக்கம். அதற்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே எழும்பி, 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்) இன்னொரு பக்கம். நடுவே கண்டெய்னர் கிடங்குகள், ஒப்பந்தக்காரர்கள், மீஞ்சூர் கடைத்தெரு. தண்ணீர்க் கேன், காய்கறி, இரும்புக் குழாய், கல்யாணப் பந்தல் சாமான் என்று ஏதாவது ஏறிக்கொண்டேதான் இருக்கும். "சொந்த வண்டி இருந்தால் நாமும் நிமிரலாம்" என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் புது வண்டி வாங்க வசதி ஏது? பழைய வண்டிதான்.

"ஒன்று செய். வண்டி பார்க்கப் போகும்போது நீயும் போ. நானும் வருகிறேன்" என்றேன்.

"நாம் போய் என்ன பார்க்கப் போகிறோம், அக்கா?"

"புடவை வாங்கும்போது முந்தானையைப் புரட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரிதான்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் தெருக்கோடியில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். லாரிப் பட்டறையில் நாற்பது வருஷம் கை கறுத்தவர். அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ரயிலேறினேன். எண்ணூரைத் தாண்டி ரயில் போகும்போது, ஜன்னல் வழியே மின்நிலையப் புகைபோக்கிகளைக் காட்டி, "இந்தப் பக்கத்து வண்டிக்கு மூணு சத்ரு அம்மா. உப்பு, சாம்பல், தண்ணி. கிலோமீட்டர் நாலாவதுதான்" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று புதுப் பெண் மாதிரி நின்றது. சக்கரத்துக்குக்கூடக் கறுப்புப் பாலிஷ். தரகர் கதவைத் திறந்து மீட்டரைக் காட்டினார். 62,000 கிலோமீட்டர்! பத்து வருஷத்து வண்டி. என் தங்கை வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா அண்ணி, ஓடவே இல்லை!" என்றார்.

என் தங்கை மளிகைக் கணக்கு எழுதுகிறவள் அல்லவா? விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, மெதுவாக என் காதில் சொன்னாள்: "அக்கா, பத்து வருஷத்துக்கு 62,000 என்றால் ஒரு நாளைக்குப் பதினேழு கிலோமீட்டர். பதினேழு கிலோமீட்டர் ஓட்டினவன் தவணை எப்படிக் கட்டியிருப்பான்?"

மேஸ்திரி ஒன்றும் பேசாமல் குனிந்து கிளட்ச் மிதியைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் வழுவழுவென்று ஆகியிருந்தது. மீட்டரைத் திருப்பி வைக்கலாம். மிதித்த காலை மறைக்க முடியுமா?

பிறகு அவர் செய்த காரியம்தான் விசேஷம். ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். பாதி தூரம் நல்ல கறுப்பு. அதற்குமேல் வந்த பகுதியில் மஞ்சளும் சாம்பலுமாகக் கறை. இருக்கைக்கு அடியில் கையை விட்டு, விரலில் ஒட்டிய வண்டலை எங்களிடம் நீட்டினார். "இது குளிச்ச வண்டி!"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வட்டாரம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தையும் மீனவர் வீடுகளையும் கறுப்பாக்கியது. அந்தத் தண்ணீரில் எத்தனையோ வண்டிகள் நின்றன. அவற்றில் சிலவற்றைக் கழுவித் துடைத்து, வண்ணமடித்து, ஆறு மாதம் கழித்துச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்கும். அது தப்பினாலும், மின்கம்பி இணைப்புகளில் பச்சைத் துரு பூத்து ஒவ்வொன்றாக விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் என்று உயிரை விடும். வாங்கியவன் பாடு திண்டாட்டம்! பெல்ட்டை எல்லாரும் முன்பக்கம்தான் துடைப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியைத் துடைப்பவர் யாரும் இல்லை.

தரகர் முகம் சுருங்கியது. நாங்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து மீஞ்சூருக்கு அருகில் இன்னொரு வண்டி கிடைத்தது. அசோக் லேலண்ட் 'தோஸ்த்'. எண்ணூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரில் ஒரு பாசம் உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரில்தானே இருக்கிறது! ஆனால் தோஸ்த் பிறந்த இடம் எண்ணூர் அல்ல; 2011-ல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த சின்ன வண்டி. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சின், சுமார் ஒன்றேகால் டன் பாரம். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2005-ல், டாட்டா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று நம் ஊரில் பெயர் வாங்கிவிட்டது. மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்று அந்த யானைதான் காட்டிக் கொடுத்தது. இன்று தண்ணீர்க் கேன் முதல் கோயில் உற்சவச் சப்பரம் வரை இந்தக் குட்டி வண்டிகள் இல்லாவிட்டால் நடக்காது.

நாங்கள் பார்த்த தோஸ்த் 2015-ம் வருஷத்தது. வண்ணம் மங்கி, பின்பலகையில் அடி வாங்கிய தழும்புகளோடு நின்றது. மீட்டரில் 2,38,000 கிலோமீட்டர்!

"இத்தனை ஓடினதா?" என்று தங்கை வீட்டுக்காரர் தயங்கினார்.

வண்டிக்காரர் வயதானவர். வீட்டுக்குள் போய் ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், வடிகட்டி, பிரேக் கட்டை, டயர் என்று ஒன்பது வருஷமும் அதில் எழுதியிருந்தது. எழுத்து அவருடையது அல்ல, அவருடைய மனைவியுடையது! அந்த அம்மாள் வாசற்படியில் நின்று, "அவர் மறந்துடுவார், நான்தான் எழுதி வைப்பேன்" என்றாள். எனக்கு அப்போதே பாதி மனசு விழுந்துவிட்டது.

மேஸ்திரிக்கு அப்படியெல்லாம் மனசு விழாது. "நாளைக் காலையில் வரோம். நாங்க வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார். வழியில் என்னிடம், "வண்டி ராத்திரி பூரா தூங்கி எழுந்திருக்கணும் அம்மா. அப்பத்தான் அதோட சீக்கு வெளியே தெரியும்" என்றார். சூடான டீசல் எஞ்சின் எதுவும் உடனே கிளம்பிவிடும். ஆறிக் கிடக்கும்போது கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. டீசலில் பெட்ரோல் எஞ்சினைப் போலப் பொறி கொளுத்தும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி அது கொதிக்கும் நேரத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய தந்திரம் இது. (பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவில் காணாமற்போய்விட்டார்.) ஆகவே உள்ளே அழுத்தம் குறைந்த எஞ்சின் காலையில் இருமிக்கொண்டே நிற்கும்.

மறுநாள் காலை மேஸ்திரி முதலில் எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எங்களைப் புகைக்குழாய்ப் பக்கம் நிறுத்தி, "பாருங்க, என்ன நிறம்?" என்றார். முதலில் லேசாக வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலையே குடிக்கிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் கோளாறு. மூன்றில் கறுப்புக்குத்தான் வைத்தியம் மலிவு. பல சமயம் அழுக்கேறிய காற்று வடிகட்டிதான் காரணமாக இருக்கும்.

அடுத்து எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி குபுகுபுவென்று வந்தால் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினைப் பிரிக்காமல் தீராது. இங்கே மெல்லிய மூச்சு மட்டும் வந்தது. அளவுக் குச்சியில் ஆயில் கறுப்பாக இருந்தது. தங்கை பதறினாள். "டீசலுக்கு ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும் அம்மா. காப்பி மாதிரிப் பால் கலந்து வந்தால்தான் ஆபத்து" என்றார் மேஸ்திரி. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் அந்த நிறம்!

பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தி. சேசிஸ் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். 'டிங் டிங்' என்று வந்த சத்தம் பின்பக்கம் ஓரிடத்தில் 'டொக்' என்றது. துரு! உப்புக் காற்று தின்ற இடம். உள்ளங்கை அகலம்தான், பற்ற வைத்துச் சரிசெய்யலாம் என்றார். அதைக் காட்டி விலையைக் குறைத்தவள் என் தங்கை. மூன்றே முக்கால் லட்சம் என்று ஆரம்பித்தது, மூன்று லட்சத்து முப்பதாயிரத்தில் நின்றது. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய பழக்கம் வீண்போகுமா?

பணம் கொடுக்கும் முன் காகிதம். இந்த இடத்தில்தான் நம் வீட்டு ஆண்கள் பலர் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். விடாதீர்கள், சகோதரிகளே! சேசிஸில் கொத்திய எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் 'வாகன்' பதிவேட்டில் எண்ணைத் தட்டினால் எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கட்டாத அபராதங்களைத் தனியே இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். இந்தத் தோஸ்தின் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. பெயரை நீக்கத்தான் மறந்துவிட்டார்கள். கடன் தீர்ந்த சான்றிதழும் படிவம் 35-ம் வரும்வரை என் தங்கை முன்பணத்துக்குமேல் ஒரு காசு கொடுக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் 29, 30. பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்.

பெயர் மாற்றம் வாங்குபவருக்கு மட்டும் அவசியம் என்று நினைக்காதீர்கள். தங்கையின் தெருவில் ஒரு குடும்பம், மனைவி பெயரில் இருந்த சின்ன லாரியை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து விற்றுவிட்டது. எட்டு மாதம் கழித்து அந்த வண்டி எங்கோ ஒரு சைக்கிள்காரர் மேல் மோதியது. சம்மன் யாருக்கு வந்தது தெரியுமா? வண்டி ஓட்டவே தெரியாத அந்த மனைவிக்கு! பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நல்ல சேதிகளும் இரண்டு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. சாதாரண இலகு வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ஆனால் எஃப்.சி.யில் சலுகை கிடையாது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் வருஷா வருஷம். ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. மேஸ்திரி சொன்ன மூன்று சத்ருக்களும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக எங்களுக்கு அறிமுகமானார்கள்.

முதலில் தண்ணீர். மூன்றாவது மாதம் வண்டி சூடேற ஆரம்பித்தது. மேஸ்திரி ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டார். போர் தண்ணீர்! மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறி எத்தனையோ காலம் ஆயிற்று. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்ததும், சென்னைக்குத் தண்ணீர் போனதும் வேறு கதை. தங்கை வீட்டு போர் தண்ணீர் இன்றும் கரிக்கிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொறுக்குக் கட்டுகிறதே, அதுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கட்டியிருந்தது. கழற்றிக் கழுவி, கூலண்டையும் பாட்டரிக்கு ஊற்றும் வாலைநீரையும் கலந்து ஊற்றினார். அன்று முதல் அந்தக் கேன் வண்டியிலேயே இருக்கிறது. தப்பித்தவறி வழியில் சூடேறினால் உடனே மூடியைத் திறக்கக் கூடாது. முகத்தில் கொதிநீர் அடித்துவிடும்.

தண்ணீருக்கு இன்னொரு வாசலும் உண்டு. டீசலோடு கலந்து வரும் தண்ணீர் வடிகட்டியின் அடியில் தங்கும். அங்கேயுள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது வடித்துவிட வேண்டும். இந்தக் கால டீசல் எஞ்சினின் இன்ஜெக்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விஷம். அதன் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும்.

அடுத்தவர் சாம்பல். மின்நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் அத்திப்பட்டுக் கொடியில் துணி உலர்த்துகிற பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வெள்ளைப் புடவை படும் பாட்டைத்தான் வண்டியின் காற்று வடிகட்டியும் படுகிறது. வேறு ஊரில் கம்பெனிப் புத்தகம் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே அடித்தால், சல்லடையில் மாவைக் குத்தி அடைத்த மாதிரி ஆகிவிடும்.

உப்புதான் மூவரிலும் பொறுமைசாலி. சத்தம் போடாமல் தின்னும். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றிய நாளில், ஐஸ் உருகிய உப்புநீர் பலகை இடுக்கில் இறங்கி இரவெல்லாம் வேலை செய்யும். ஆகவே மீன் நடை முடிந்தால் எத்தனை மணியானாலும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டுத்தான் தங்கை வீட்டுக்காரர் சாப்பிட உட்கார வேண்டும். அவர் முணுமுணுப்பார். என் தங்கை குழம்பைச் சூடாக்காமல் காத்திருப்பாள்.

பாகம் மாற்ற வேண்டி வந்தால் ஜி.பி. ரோட்டில் புதிது, புதுப்பேட்டையில் பழசு. கதவு, கண்ணாடி, பின்பலகை இவற்றைப் புதுப்பேட்டையில் வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதைப் பழசாக வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. நூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பதா? எட்டாவது மாதத்தில் கிளட்ச் தட்டு போயிற்று. இவ்வளவு ஓடிய வண்டியில் இப்படி ஏதாவது போய்க்கொண்டுதான் இருக்கும். அதற்காகத் தங்கை நடைக்கு நூறு ரூபாய் என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். கிளட்ச் வந்தது பாட்டிலிலிருந்து, வட்டிக்கடையிலிருந்து அல்ல.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 வண்டி வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. தெருவுக்குள்ளேயே உருட்டிக் கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். எங்களுடையது பழைய ரகம். அந்தத் தொல்லை இல்லை. ஆனால் புகை அதிகம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. "எஞ்சின் சூடாகட்டும்" என்று வாசலில் பத்து நிமிஷம் உறுமவிடும் வழக்கத்தைத் தங்கை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே குழந்தை தூங்குகிறது. ஒரு நிமிஷம் ஓடினால் போதும். பிறகு மெதுவாகக் கிளம்பினால் வழியிலேயே சூடாகிவிடும். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தும்போதும் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும்; அது டர்போவுக்கு.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் எஃப்.சி. என்று வண்டிக்குப் புது வண்ணம் அடித்து, சிவப்பு நாடா ஒட்டி, வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மீட்டர் 2,78,000-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பெரியவரின் மனைவி எழுதிய நோட்டில் பக்கங்கள் தீர்ந்து போய், தங்கை வேறொரு நோட்டை ஊசி நூலால் அதோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

"சங்கிலி?" என்று கேட்டேன்.

"இன்னும் நாலு தவணை, அக்கா" என்று சொல்லிவிட்டு, ஆயில் மாற்றிய தேதியை எழுத உட்கார்ந்தாள்.